கை கூப்பினால் இரையாத கிட்டார்

குடமுருட்டிக் கரையில் ஓர் ஊர். தேரடிக்கு எதிரே மேடை. விளக்கு வைக்கிற நேரம். இரண்டாவது பாட்டின் பாதியில் இருந்தோம். தெருக்கோடியில் சேகண்டிச் சத்தம் கேட்டது. பாட்டை அப்படியே நிறுத்தினோம்.

எங்கள் பக்கத்தில் இது எழுதி வைக்காத சட்டம். சாமி புறப்பாடு மேடையைக் கடக்கும்போது இன்னிசைக் குழு வாயைத் திறக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். சாமி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

சப்பரம் மேடைக்கு நேராக வந்து நின்றது. நாதஸ்வரமும் தவிலும் ஓய்ந்தன. கற்பூரம் காட்டினார்கள். கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிகத்தைத் தொடங்கினார். மைக் கிடையாது. வெறும் குரல்.

அப்போதுதான் அது கேட்டது. ம்ம்ம்ம் என்று, பொறியில் மாட்டிய வண்டுபோல ஓர் இரைச்சல். எனக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து கிளம்பித் தெருவையே நிறைத்தது.

ஓதுவார் ஒரு வரி பாடினார். நிறுத்தினார். மறுபடியும் எடுத்தார். அவர் குரல் ஒரு பக்கம் போக, இரைச்சல் இன்னொரு சுருதியில் நின்று இழுத்தது. கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தார்.

“தம்பி, எனக்குச் சுருதிப் பெட்டி வேண்டாம்ப்பா. பழக்கமில்ல. அத நிறுத்திடு.”

சப்பரம் தூக்கியவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். சாமியும் லேசாக ஆடியது.

நான் பதறிப்போய்க் கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். பெட்டிகள் ‘படீர்’ என்றன. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அதற்குப் பிறகு ஓதுவார் என்ன பாடினார் என்று எனக்குத் தெரியாது.

வால்யூமைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கிட்டாரின் வால்யூம் திருகு என்றோ செத்துப்போயிருந்தது. முழுக்கத் திறந்த நிலையில் ஒட்டுப்போட்டு வைத்திருந்தேன். மடை உடைந்த வாய்க்கால்போல.

ஐஸ் கம்பெனிக் கிட்டார்

அந்தக் கிட்டார் எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னென்ன செய்தேன் என்று இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். வாழைத்தார் லாரி, திருப்பூர் சாயப்பட்டறை, அறுவடை மிஷினில் கிளீனர். நடுவில் கொஞ்ச காலம் அதிராம்பட்டினத்தில் ஐஸ் உடைத்தேன். விடியற்காலையில் பாளம் பாளமாக ஐஸை உடைத்து மீன் பெட்டிகளில் கொட்டும் வேலை. விரல் நுனிகள் மரத்துப்போய்விடும். கிட்டார் பழக வந்தபோது அதுவே உதவியாக இருந்தது. மற்றவர்களுக்கு விரல் வலித்தது. எனக்கு ஏற்கெனவே வலித்து முடிந்திருந்தது.

கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார், ஹமீது பாய். அறையில் தனியாகக் கிட்டார் வாசிப்பார். நான் வாசலில் உட்கார்ந்து கேட்பேன். ஒருநாள், “கேட்டது போதும், உள்ள வாங்க” என்றார். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது கிட்டாரை என் கையில் கொடுத்தார்.

“கடல்காத்துல கம்பி சீக்கிரம் துருப்பிடிச்சுடும் மதி. உள்நாட்டுக்குக் கொண்டு போயிடுங்க, பொழைச்சுக்கும்.”

எதைச் சொன்னார், கிட்டாரையா என்னையா, தெரியாது. இரண்டு பேருமே கும்பகோணத்துக்கு வந்து பிழைத்துக்கொண்டோம்.

கீபோர்டுல எல்லாம் இருக்கு

கும்பகோணத்தில் கலியமூர்த்தி அண்ணனுக்குப் பகலில் பாத்திரக்கடை, மாலையில் மேடை. குழுவின் முதலாளியும் முதல் பாடகரும் அவரே. ஒவ்வொரு கச்சேரியிலும் மூன்றாவது பாட்டு முடிந்ததும் கலைஞர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார். “லீட் கிட்டார்... மதியழகன்!” என்று அவர் இழுத்துச் சொல்லும்போது நான் ஒரு கம்பியைச் சுண்டிவிட்டுத் தலை குனிவேன்.

சாதாரண விஷயம்தான். ஆனால் நான் பார்த்த அத்தனை வேலைகளிலும் ‘ஏய்’, ‘டேய்’, ‘ஐஸ்’, ‘கிளீனர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுப்பெயரை மைக்கில் சொன்னது இந்த ஒரு வேலையில்தான்.

அன்று சாமி போன பிறகு அண்ணன் அறிமுகம் செய்தார். கீபோர்டு சொன்னார், ட்ரம்ஸ் சொன்னார், தபேலா சொன்னார். என்னைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

வேனில் திரும்பும்போது அவரே பேச்சை எடுத்தார்.

“மதி, வருத்தப்படாத. கேக்கறேன், சொல்லு. கிட்டாரு இல்லாம கச்சேரி நடக்குமா, நடக்காதா?”

“நடக்கும்ண்ணே. மேளம் இல்லாமகூடத்தான் கல்யாணம் நடக்குது.”

கீபோர்டு ரமேஷ் முன் சீட்டிலிருந்து திரும்பினான். “எங்கிட்டயே விதவிதமா கிட்டாரு சவுண்டு இருக்குண்ணே. ஒரு பட்டன்தான்.”

“யானை சவுண்டும் வச்சிருக்கியேடா. அதுக்காக உன்னைய கோயில் வாசல்ல கட்டிப் போட்டுடலாமா?”

வேன் சிரித்தது. கலியமூர்த்தி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“இந்த ஓதுவார்தான் சுத்துப்பட்டுக் கோயிலுக்கெல்லாம் வர்றாரு. நாம வாசிக்கிறதும் அந்தக் கோயில்கள்லதான். அடுத்து, ஆத்துல தண்ணி வந்ததும் வெட்டாத்தங்கரைத் திருவிழா. அங்கயும் அவரு முன்னாடி இரைஞ்சுதுன்னா, அதோட கிட்டார கீபோர்டு பாத்துக்கும். நீ மனசுல எதுவும் வச்சுக்கக் கூடாது.”

“வச்சுக்க மாட்டேண்ணே. இரையாது.”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

கையை எடுத்தால் கத்துகிறது

மறுநாள் எங்களுக்கு ஒலிபெருக்கி போடுபவரின் கொட்டகைக்குப் போனேன். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஒரு தோரணம் சீரியல் விளக்கையும் எரியவிட்டு, கிட்டாரை மாட்டினேன்.

கம்பியில் கை வைத்திருந்தால் இரைச்சல் அடங்கிக் கிடந்தது. கையை எடுத்தேன், எழுந்துகொண்டது. வைத்தேன், படுத்தது. மடியில் இருக்கும் பிள்ளைபோல.

விஷயம் புரிந்துவிட்டது. நம் உடம்பு கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை இரைச்சலில் பாதியை உடம்பு வாங்கிக்கொள்கிறது. கையை விட்டால் அதைக் கேட்க ஆளில்லை. ஊரெல்லாம் எத்தனையோ பேர் மின்சாரக் கிட்டார் வாசிக்கிறார்கள். நாங்கள்தான் ஜெனரேட்டர் பக்கத்தில், ஆயிரம் பல்புக்கு நடுவில், திறந்த கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிறவர்கள்.

பழைய கிட்டாரை ரிப்பேர் செய்து பார்க்கலாம் என்றால், அது உப்புக்காற்றில் உள்ளுக்குள் பொரிந்திருந்தது. கழுத்தும் வளைந்துவிட்டது. புதிது வாங்குவதென்று முடிவு செய்தேன். அறுவடைக்காலம் முழுக்க மறுபடியும் மிஷினோடு போனேன். ஜோடி ஆட்டுக்கு மேலே, கறவை மாட்டுக்குக் கீழே என்று ஒரு விலை மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே போனால் பொம்மை. மேலே போனால் வேனில் வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

ஒரு கச்சேரி, எத்தனை தொண்டை

நகரத்துப் பிள்ளைகள் கிட்டார் வாங்கும்போது தனக்குப் பிடித்த சத்தம் எது என்று தெரிந்தால் போதும். எங்களுக்கு அப்படியில்லை.

முதல் பாட்டு பக்திப் பாட்டு. அதில் வீணை வரும். வீணை வாசிக்க ஆள் இல்லை, கிட்டார்தான் வீணை. அடுத்து பழைய பாட்டில் மாண்டலின், அதுவும் நான்தான். பிறகு தாளத்தோடு வெட்டி வெட்டி வாசிக்கும் குத்துப்பாட்டு. கடைசியில் இளவட்டங்கள் சீட்டு எழுதி அனுப்பும் பாட்டுகளில் கிட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு உறும வேண்டும். நடுவில் கம்பி அறுந்தால் மாற்ற நேரம் கிடையாது. ஐப்பசி மழையில் மரம் ஊறும், சித்திரையில் காயும். இவ்வளவையும் ஒரே கிட்டார் தாங்க வேண்டும்.

அதோடு கை கூப்பினால் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும்.

கடைக்குக் கிளம்பும்போது கலியமூர்த்தி அண்ணன் போனில் கூப்பிட்டார். “செவப்பா பாத்து வாங்கு மதி. கடைசி வரிசைக்குத் தெரியணும்.”

கடையில் ஒரு கும்பிடு

தஞ்சாவூரில் அந்தக் கடை முதல் மாடியில் இருக்கிறது. ஏ.சி. போட்டு, சுவரெல்லாம் கிட்டார் மாட்டியிருந்தார்கள். எடுத்துக்காட்டியது பெனிட்டா என்ற பெண். மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவர் என்று பிறகு தெரிந்தது.

“என்ன மாதிரி பாட்டு வாசிப்பீங்கண்ணே?”

“எல்லாம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதிகமா எது?”

“எல்லாந்தாம்மா. திருவிழாவுல வாசிக்கிறேன்.”

“ஓ” என்றார். அந்த ஓவில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது.

முதலில் சிவப்புக் கிட்டார் ஒன்றை எடுத்தார். கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். கம்பியின் அதிர்வைச் சத்தமாக்குவது அதுதான். இந்தச் சிவப்பில் இரண்டு தடித்த பிக்கப்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரட்டைச் சுருள்.

வாசித்துப் பார்த்தேன். உறுமல் பிரமாதம். பிறகு நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் எடுத்து நெஞ்சுக்கு நேரே கூப்பினேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கல்லாவிலிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, வாங்கறதுக்கு முன்னாடியே பூஜையா?”

“டெஸ்ட் பண்றேங்க.”

“சாமிகிட்டயா?”

“சாமி முன்னாடிதாங்க வாசிக்கணும்.”

இரைச்சல் இல்லை. ஆனால் கடையில் எது இரையும்? சுத்தமான கரண்டு, நல்ல எர்த்து. “ஜெனரேட்டரப் போடுங்க” என்றேன்.

“கரண்டு இருக்கேண்ணே!”

“இருக்கட்டுங்க. நான் வாசிக்கிற எடத்துல இருக்காது. பக்கத்துல பந்தல் லைட் கடை இருக்குல்ல, ஒரு செட்டு சீரியல் லைட்டும் கெடைச்சா நல்லது.”

முதலாளி என்னைப் பார்த்தார், பெனிட்டாவைப் பார்த்தார். “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோனார். நல்ல மனிதர். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் பச்சையும் சிவப்புமாகத் தோரணம் மினுக்கியது. கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது.

சிவப்புக் கிட்டாரில் மறுபடி கை கூப்பினேன். அப்போதும் அமைதி. வாங்கிவிடலாம் என்று மனம் சொன்னது. கடைசியாக வீணை வரும் துண்டை வாசித்தேன். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல்போல வந்தது. எழுத்துப் புரிகிறது, தெளிவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது மூன்று ஒல்லிப் பிக்கப் வைத்த நீலம். வீணைத்துண்டு மணி மணியாக உதிர்ந்தது. ஆசையோடு கையைக் கூப்பினேன். ம்ம்ம்ம்.

“வால்யூமக் குறைச்சிட்டா போச்சு” என்றார் முதலாளி.

“சேகண்டி கேட்டதும் கை தானா மேல போயிடும்ங்க. அப்ப திருகையா தேடும்?”

பெனிட்டா அதற்குச் சிரிக்கவில்லை. “எங்க கோயில்லயும் இதேதான்ண்ணே. ஃபாதர் ‘ஜெபிப்போம்’ம்பாரு. எல்லாரும் கையக் கூப்புவோம். சரியா அப்பத்தான் இது பாட ஆரம்பிக்கும். ஒருநாள் ஃபாதர், ‘பெனிட்டா, உன் கிட்டார் முதல்ல ஜெபிக்கட்டும், நாம அப்பறம் ஜெபிக்கலாம்’னுட்டாரு.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உலகத்தில் என்னைத் தவிர இன்னொரு ஆள் இருக்கிறது.

வெங்காயச் சருகு

பெனிட்டா ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். வெங்காயச் சருகு நிறம். பார்வைக்கு எதுவுமில்லை. கீழே ஒரு தடித்த பிக்கப், மேலே இரண்டு ஒல்லி. பக்கத்தில் ஐந்து நிலைகளுக்குத் திருப்பும் விசை. எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது என்று மடையைத் திருப்புவது மாதிரி.

“உறுமணும்னா ஒண்ணாவதுக்குத் தள்ளிடுங்க, தடியன் மட்டும் பேசுவான். வீணைக்கு இந்த நாலாவதுல வைங்க. ரெண்டு ஒல்லியும் சேந்து பேசும். நடுவுல இருக்கறத எதிர்ப்பக்கமா சுத்தியிருக்காங்க. அதனால ரெண்டும் வாங்கற இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டுச் செத்துடும். பாட்டு மட்டும் மிஞ்சும்.”

பின்பக்க மூடியையும் திருகு கழற்றிக் காட்டினார். குழி முழுக்கக் கறுப்பாக ஒரு பூச்சு. விளக்கு, ஜெனரேட்டர் இரைச்சல் உள்ளே ஏறாமல் தடுக்கிற பூச்சாம்.

என் பங்குக்கு நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வரப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நேர்தான். கழுத்தோரத்தில் உலோகக் கட்டைகளின் முனைமேல் உள்ளங்கையை ஓட்டினேன். கீறவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலாளியோடு நெடுநேரம் அரசியல் பேசினேன். தோள் வலிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. கம்பிகளைத் தாங்கும் பாலம் அசைகிற வகை. ஒரு கம்பி அறுந்தால் மற்றதெல்லாம் சுருதி மாறிவிடும். மேடையில் அது ஆபத்து.

“பின்னாடி ஒரு மரத்துண்ட செருகிட்டா அசையாது” என்றார் பெனிட்டா. “ஆனா கம்பிய ஆட்டி அழவைக்கிற வித்தையெல்லாம் முடியாது. பரவால்லயா?”

“எங்க ஊர்ல அழவைக்கறதுக்குப் பாடகர் இருக்காரும்மா.”

நாலாவது நிலையில் வைத்து வீணைத்துண்டை வாசித்தேன். தெளிவாக வந்தது. கைகளைக் கூப்பினேன். பெனிட்டாவும் தன்னை அறியாமலே கூப்பியிருந்தார். கல்லாவில் முதலாளியும். சீரியல் விளக்கு மினுக்கியது, ஜெனரேட்டர் கீழே இருமியது. கடைக்குள் யாரும், எதுவும் பேசவில்லை.

“கட்டுங்க” என்றேன்.

கும்பகோணத்தில் உறையைத் திறந்ததும் கலியமூர்த்தி அண்ணன் முகம் சுருங்கியது. “என்னய்யா இது, நோஞ்சான் கலரு. செவப்பு இல்லியா?”

“இருந்துச்சுண்ணே. அது வெத்தல போட்டிருந்துச்சு.”

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

வெட்டாற்றங்கரை

ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் பச்சை பிடித்திருந்த சமயம். மேடை கோயில் மதிலை ஒட்டி. ஜெனரேட்டர் முதுகுக்குப் பின்னாலேயே. தலைக்கு மேல் பல்புகளால் செய்த மயில் ஒன்று தோகையை விரித்து விரித்து மடக்கியது. இரைச்சலுக்கு இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது.

முதல் பாட்டில் வீணைத்துண்டு வந்தது. ரமேஷ் திரும்பிப் பார்த்தான். பட்டனைத் தேடுகிற பார்வை இல்லை அது. இரண்டாவது சரணத்தில் சேகண்டி கேட்டது.

நிறுத்தினோம். செருப்பைக் கழற்றினோம். சப்பரம் அசைந்து அசைந்து வந்து எங்களுக்கு நேரே நின்றது. அதே ஓதுவார்.

கலியமூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்து விரலால் திருகிக் காட்டினார். வால்யூமைக் குறை என்று. புதுக் கிட்டாரில் திருகு வேலை செய்யும்தான். குறைத்தால் எந்தக் கிட்டாரும் சும்மா இருக்கும். அதற்காக நான் அறுவடை மிஷினில் தூசி தின்னவில்லை. தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று. அண்ணன் கண் விரிந்தது.

கம்பியிலிருந்து கையை எடுத்து, தலைக்கு மேல் கூப்பினேன்.

கற்பூரம் சடசடத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வயலில் தவளைகள் கேட்டன. ஓதுவார் தொண்டையைச் செருமினார். முதல் வரியை எடுத்தார். ஒரே வரி. நிறுத்திவிட்டார்.

காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். எதுவும் இல்லை. அவர் கண்ணைத் திறந்து மேடையில் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

“ஏன் தம்பி, உன் பெட்டிக்கு மட்டும் கரண்டு போயிடுச்சா?”

“இருக்குங்கய்யா” என்றேன், கூப்பிய கையோடு.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார். மறுபடி கண்ணை மூடினார்.

அன்று பதிகத்தை முழுதாகப் பாடினார். போன தடவை நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்துக் கேட்டேன். குரல் வயதானது, மேலே போகும்போது லேசாக உடைந்தது. உடைந்த இடத்திலும் சுருதி விலகவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகள் முழுக்கத் திறந்த வாயோடு அவருக்குப் பின்னணியில் சும்மா நின்றன.

தவில் எழுந்தது. சப்பரம் நகர்ந்தது. சேகண்டி தெரு திரும்பும்வரை எல்லோரும் நின்றோம்.

மூன்றாவது பாட்டு முடிய அண்ணன் காத்திருக்கவில்லை. சாமியின் பின்கூட்டம் மேடையைத் தாண்டுவதற்குள் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

“கரண்டெல்லாம் இருக்குங்க! நம்ம குழுவோட லீட் கிட்டார்... மதியழகன்!”

என் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன. இறக்கி, விட்ட சரணத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன்.